கதவு எண் இல்லாத வீடு

மாதாவை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் மகள் ஜெனிபா இன்று உயிரோடு இருப்பதால்தான் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

போன அக்டோபர், செபமாலை மாதம். பெரம்பலூரில் ஏரிக்கரைப் புறம்போக்கில் எங்கள் குடிசை. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் நின்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். முகவரி கேட்டார்கள். புறம்போக்கு என்று எழுதினால் காலி செய்யச் சொல்ல ஆள் வந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். அதனால் வேலை செய்யும் வீட்டு முகவரியைத்தான் கொடுப்போம். நானும் பாத்திரம் தேய்க்கும் வீட்டு முகவரியையும் அந்த அம்மாவின் போன் நம்பரையும் கூசாமல் சொன்னேன். அவர்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டது. மாதா சுகம் கொடுத்துவிட்டாள் என்று மெழுகுவர்த்திகூட ஏற்றிவிட்டேன். மத்தியானம் பிள்ளை வாந்தி எடுத்தாள். கை கால் சில்லிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கணவர் அரியலூருக்கு லோடு ஏற்றப் போயிருந்தார். மழைச் சேற்றில் ஆட்டோ உள்ளே வராது. செபமாலையை எடுத்தேன், ஒரு செபமும் வாயில் வரவில்லை. “மாதாவே, யாரையாவது அனுப்பு” என்று மட்டும் திரும்பத் திரும்ப அழுதேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். எதிரே ஒரு நர்ஸ் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் வந்துகொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லித்தான் விசாரித்தார். காலையிலிருந்து போன் செய்தும் யாரும் எடுக்காமல், பூட்டிய வீட்டைத் தட்டிப் பார்த்து, கடைசியில் அந்தத் தெருவில் துணி தேய்க்கும் அண்ணன் வழி சொல்லி வந்தாராம்.

“டெங்குங்க. ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சு போச்சு. காய்ச்சல் விட்டப்பறம்தான் ஆபத்தே. சரியான அட்ரஸ் குடுத்திருந்தா காலையிலயே வந்திருப்பேன்ல?”

மெயின் ரோட்டில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. இருவரும் மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஐந்தாம் நாள் ஜெனிபா இட்லி கேட்டாள். வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது முகவரியை மாற்றச் சொன்னேன். ஏரிக்கரைப் புறம்போக்கு, கதவு எண் கிடையாது. எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதற்குப் பயந்தா பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேன்?

காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் தினமும் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன். நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள், கட்டாயம் ஆள் அனுப்புவாள். அவளுக்கு நம் குடிசை தெரியும். அவள் அனுப்பும் ஆளுக்கு நாம்தான் வழி சொல்ல வேண்டும்.