பாசிக்குப் பந்தி

எங்கள் குவார்ட்டர்ஸில் மருமகள் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து இரண்டு கடல் மீன்கள் வளர்க்கிறாள். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

"இனிமே பாசி புடிச்சா மீனை யாருக்காச்சும் குடுத்துடுவேன் மாமா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மந்தாரக்குப்பத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போய்ப் பாசிக்கு மருந்து கேட்டேன்.

"தீனி எத்தினி வேளை போடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"நான் சாப்புடும்போதெல்லாம். ரெண்டும் கண்ணாடிகிட்ட வந்து பாத்துக்கினே இருக்குதுங்க. பாக்க வெச்சிக்கினு சாப்புட்டா வயிறு வலிக்காதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "பெரியவரே, மிஞ்சின தீனி தண்ணியில கரைஞ்சி பாசிக்கு எருவாவுது. நீங்க பாசிக்குல்ல பந்தி போட்டுக்கினு இருக்கீங்க! மருந்து வேணாம், கையை அடக்குங்க."

வீட்டில் சொன்னேன். "அந்தப் புண்ணியவான் நீங்கதானா?" என்று மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மீனைக் கொடுக்கமாட்டாளாம்.

ஆனால் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டாள்: 'தீனி ஒரு வேளை மட்டும்.'

போன வருடம்தான் உங்கள் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றேன். அதை எங்கும் நிற்காமல் வாசித்துவிட்டேன்!

சாப்பிட உட்கார்ந்தேன். மீன்கள் இரண்டும் அந்தக் காகிதத்துக்குக் கீழேயே வந்து வாயைத் திறந்து நிற்கின்றன.

அவற்றுக்கு வாசிக்கக் கற்றுத்தர உங்களில் யார் வருகிறீர்கள்?