ஒட்டுப்போட்ட இன்ஜினின் கடன்

அமானுல்லாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ். ஆலை இன்ஜினின் சிலிண்டர் மேலிருந்த பச்சை பெயிண்டை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் வாப்பா அசன் முகைதீனுக்குப் படுக்கைப் புண். கட்டு மாற்ற நான் தினமும் போவேன். அரிசி ஆலைக்குப் பின்னால்தான் வீடு.

"பாருங்க நர்சம்மா, வெடிச்சத வெல்டு வெச்சு பெயிண்ட் அடிச்சுக்கீறான். புது இன்ஜினாம்!"

இது 1957, திருவள்ளூரில். ஆலை, வாப்பாவும் மகனும் டைரக்டர்களாக இருந்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இன்ஜின் விற்றவர் பூவராகவன். பாதிப் பணம் வாங்கியிருந்தார். இரண்டே மாதத்தில் இன்ஜின் படுத்துக்கொண்டதும் கம்பெனி மீதியைத் தரவில்லை. அவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். மூன்று வாரத்தில் கட்டாவிட்டால், கடனடைக்க வக்கற்ற கம்பெனி என்று சொல்லி, கோர்ட்டு மூலம் கலைத்துவிடுவாராம். கையில் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆலையின் வக்கீல் ஆதிநாராயணன் தைரியம் சொன்னார்.

"கடனே கெடையாதுன்னு நியாயமா தகராறு பண்ற வரைக்கும் கம்பெனியைக் கலைக்க மாட்டாங்க. ஒட்டுப்போட்ட சிலிண்டர் நம்ம கையில இருக்குது. வாயை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ."

மறுப்பு எழுதிப் போட்டார்கள். புண்ணைக் கழுவும்போது கிழவர் வலிக்கு முனகியதைவிடப் பூவராகவனைத் திட்டியதுதான் அதிகம். "அவனுக்கு ஒரு தம்பிடி குடுக்காதடா" என்பார். அந்த வாரமே இறந்தும் போனார்.

மய்யத்தை, அதாவது உடலை, வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குமுன் மகன் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்வது அவர்கள் வழக்கம். அமானுல்லாவும் சொன்னான். "எங்க வாப்பா யாருக்காச்சும் கடன் பாக்கி வெச்சிருந்தா எங்கிட்ட வந்து வாங்கிக்கங்க."

அந்த இடத்தில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்ற பூவராகவன் கேட்டார். "இன்ஜின் பாக்கி கீதே தம்பி. அத்த இன்னான்னு சொல்லு."

கூட்டம் முழுவதும் அமானுல்லாவைப் பார்த்தது. சந்தூக்கு வெயிலில் இருந்தது.

"கடனோட அடக்கம் பண்ணுவியா? ஒத்துக்கினு தூக்குப்பா" என்றார் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர்.

"தர்றேன்" என்றான்.

மாஷா அல்லா, உத்தமப் பிள்ளை என்றார்கள். பூவராகவன் அந்த ஒரு சொல்லை இரண்டு சாட்சிகளோடு, கம்பெனியைக் கலைக்கச் சொல்லிக் கோர்ட்டில் போட்ட மனுவில் சேர்த்தார்.

ஆதிநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார். "வாப்பாவோட சொந்தக் கடனைத்தான் சொன்னேன், கம்பெனிக் கடனை இல்லன்னு சத்தியம் பண்ணு. சட்டத்துல அவரு வேற, கம்பெனி வேற. ஒரு வரி போதும்."

"அவரு இன்ஜின்னு பேரு சொல்லித்தானே சார் கேட்டாரு? மய்யத்துக்கு முன்னாடி சொன்னத எப்படி மாத்துறது?"

"அப்ப ஒத்துக்கச் சொன்னவங்க கட்டுவாங்களா?"

அதையும் போய்க் கேட்டான். "வாக்கு உன்னுதுப்பா" என்றார் அந்தப் பெரியவர்.

அவன் உம்மா பத்ருன்னிசா என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன். "குடுக்காதன்னு உங்க வாப்பா சொன்னது என் காதுலயே விழுந்துது. அவரு ஒத்துக்காத கடனை அவரு பேரைச் சொல்லி நீ ஏம்பா சுமக்கிறே?" தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வாக்கை மாற்றவில்லை.

கடனை ஒப்புக்கொண்ட பிறகு தகராறு ஏது என்று கோர்ட்டு கம்பெனியைக் கலைக்க உத்தரவு போட்டது. சிலிண்டரின் ஒட்டை யாரும் வந்து பார்க்கவில்லை. பூவராகவனும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில்தான் நிற்கவேண்டும், முழுப் பணம் கிடைக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

மறுநாள் காலை, சீல் வைக்க சர்க்கார் ஆள் வருமுன், குடியானவர்கள் அரைக்கக் கொடுத்திருந்த நெல் மூட்டைகளை அமானுல்லா தனியாளாக வாசலுக்கு இழுத்துப்போட்டான். உள்ளே மாட்டிக்கொண்டால் அவரவர் நெல்லுக்கு அவரவரே கோர்ட்டுக்கு அலையவேண்டியிருக்கும். வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் குறைகிறதா என்று ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டுப் பார்த்துத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.