கன்னிமார் குளிக்கும் நேரம்

ஆரம்பாக்கத்தைத் தாண்டி, ஆந்திர எல்லைக் காட்டுக்குள் நடந்து வந்திருக்கிறோம். கடைசிப் பாறையைச் சுற்றினால் அருவி. சத்தம் கேட்கிறது, தண்ணீர் இன்னும் கண்ணில் படவில்லை. அங்கே வேகவைத்த வேர்க்கடலை விற்கும் ஓர் அம்மா, என் மனைவி சுமதியை மட்டும் போகவிட்டு, எனக்குக் குறுக்கே கையை நீட்டுகிறார்.

"கன்னிமாருங்க ஏழு பேரும் குளிச்சிக்கினு கீறாங்க நைனா. ஆம்பளைங்க இப்டி திரும்பி உக்காரணும்."

"எவ்ளோ நேரம்மா?"

"அவங்க குளிச்சி முடிக்கிற வரிக்கும். எட்டிப் பாத்தா கண்ணு போய்டும்."

எனக்கு எரிச்சல். கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒன்று, அதையும் ஒரு கட்டுக்கதைக்குக் கொடுப்பதா? ஆனால் எனக்கு முன்பே வந்த ஆண்கள் அருவிக்கு முதுகைக் காட்டி, கடலை உரித்தபடி சாதுவாக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் உட்காருகிறேன்.

பாறைக்கு அந்தப் பக்கம் பெண்களின் கூச்சல். அதில் ஒரு சிரிப்பு சுமதியுடையது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வாரமெல்லாம் நின்றே வேலை பார்ப்பவள். எங்கே குளிக்கப் போனாலும் யார் பார்க்கிறார்களோ என்று சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே முழுகி எழுபவள். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதேயில்லை.

வெகுநேரம் கழித்து, ஈரக் காலடிகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. நான் திரும்பாமலே கேட்கிறேன்.

"இன்னா, கன்னிமாருங்க போய்ட்டாங்களா?"

"எங்கங்க, இப்பதான் தண்ணியிலயே எறங்கிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு சுமதி மறுபடி அருவிக்கே ஓடுகிறாள்.

அந்த ஏழு பேருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் இன்னொரு பொட்டலம் கடலை வாங்குகிறேன்.