அண்ணன் காதில் விழ வேண்டிய எஞ்சின்

இன்று சிக்னலில் ஒரு பழைய டீசல் எஞ்சினின் கடகடப்பைக் கேட்டதும், தொண்ணூறுகளின் பாபநாசம் மலைப்பாதை நினைவுக்கு வந்தது.

ஏற்றத்தில் அப்பாவின் பழைய கார் திணறி நின்றுவிட்டது. டிரைவர் ஓட்டிய புதுக் காரில் எங்களைக் கடந்த அம்மாவின் அண்ணன், "ஏளா, இறங்கித் தள்ளு!" என்று சிரித்தார். அம்மா பட்டுச்சேலையோடு தள்ளினாள்.

மறுவாரமே தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப்பில், எந்த எஞ்சினை மாற்றி வைப்பது என்று அம்மாதான் முடிவு செய்தாள்.

"பெட்ரோல்னா சத்தமில்லாம ஓடும். டீசல் கத்தும், ஆனா மலையேறும்," என்றார் மெக்கானிக்.

"டீசலே வைங்க அண்ணாச்சி. எங்கண்ணன் காதுல விழணும்."

அடுத்த வருடம் அதே ஏற்றத்தில் மாமாவின் காரை முந்தினோம். அம்மா வீம்புக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏட்டி, உங்க மாமா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"கறுத்துப்போச்சும்மா," என்றேன்.

மாமா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.