கழிவு போடாத இரண்டேகால் கிலோ

விசாரணைக்குத் தோட்ட ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் துரை, தோட்டத்து மேனேஜர். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. கதவோரம் தொழிற்சங்கத்துத் தலைவர். மேசைக்கு முன்னால் நின்றபடி அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான். வராதவர் ஒரே ஒருவர்தான். மேசைமேல் கிடந்த பையில் இருந்த காளான் யாருக்காகப் பறிக்கப்பட்டதோ, அந்த டாக்டர்.

அவர் கொழும்பில் ஆராய்ச்சி செய்பவர். போதைப்பொருள் என்று பல காலம் ஒதுக்கிவைத்த சில பொருட்கள் மனச்சோர்வுக்கு மருந்தாகுமா என்று வெளிநாடுகளில் இப்போது அளந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று, மாட்டுச் சாணத்தில் முளைக்கும் ஒருவகைக் காளானில் இருக்கிறது. மலை உயர உயர அதன் வீரியம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. ‘எங்கள்’ என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது அவ்வளவு பெருமை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். உயிரியலில் பட்டம் வாங்கி, அவரிடம் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன்.

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு டாக்டர் ஒருமுறை வந்தார். எங்கள் லயத்து வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்தார். அம்மா பேசிக்கொண்டே புல்லுக்குள் இருந்த காளானை எட்டடி தூரத்தில் கண்டுபிடித்ததைப் பார்த்து அசந்துபோனார். “என்ன கண்ணு! நீங்க இல்லாதப்போ உங்கம்மாவையே எடுக்கச் சொல்லுங்க” என்றார். அம்மாவின் கையைப் படமும் எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டார்: “இதச் சாப்பிட்டா என்ன ஆகும்?”

“சுவரு மூச்சு விடுற மாதிரி தெரியுமாம். நாம வேற, உலகம் வேறங்கிற நெனப்பே போயிருமாம்.”

“இதுக்கா இத்தன படிப்பு? வெறும் வயித்தோட மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுக்கச் சொல்லு. தானா வரும்.”

பறித்த விவரம் எழுதும் ஆராய்ச்சிப் படிவத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தவன் நான். இருபது காளான் போதும், எங்கே எடுத்தது, எவ்வளவு எடை, இரண்டையும் குறிக்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

அந்த வாரம் நல்ல மழை. அம்மா காலையில் பெரட்டில் பேர் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று பறித்தார். கொழுந்து எடுத்துப் பழகிய கை இருபதில் நிற்குமா? பை நிறைந்தது. அடுத்தது எடை. இருபத்தெட்டு வருடமாக, தராசில் ஏற்றி வாயால் கூப்பிட்டுச் சொல்லாத எடையை அம்மா எடையென்று ஒத்துக்கொண்டதில்லை. அந்தியில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், காளான் பையையும் கொண்டுபோய் அதே தராசில் மாட்டினார்.

“இது என்னாது?” என்றார் கணக்கப்பிள்ளை.

“மகன் ஆராய்ச்சிக்குங்க. தின்னா தல கிறுகிறுன்னு வருமாம். டாக்டர்மாரு மருந்து செய்யப் போறாங்க. நிறுத்து ஒரு துண்டுல எழுதிக் குடுங்க ஐயா.”

ஒளிக்க வேண்டிய ஒன்று தன் பையில் இருப்பதாக அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. ஒளிக்கிறவர் தராசுக்குக் கொண்டுபோவாரா?

கணக்கப்பிள்ளை நிறுத்தார். இரண்டேகால் கிலோ. கொழுந்தென்றால் தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று தினமும் கழிப்பவர், அன்று ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை. எழுதிய துண்டை அம்மாவிடம் கொடுக்கவும் இல்லை. பையோடு சேர்த்து ஆபீசுக்குக் கொண்டுபோனார். இருபத்தெட்டு வருடத்தில் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே முழு எடை அதுதான்.

வேலை நேரத்தில், தோட்டத்து நிலத்தில், போதைப்பொருள் பறித்தது. இதுதான் குற்றச்சாட்டு; கேள்விப்பட்டு நான் கொழும்பிலிருந்து ஓடிவந்தேன். வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார் துரை. அப்படி நிறுத்தினால் சேவைக்காலப் பணம் கைக்கு வருமா என்பதே சந்தேகம். அம்மா ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான்.

“ஒங்க மகன் படிச்சுக் கிழிச்சது இதுதானா?” என்றார் கணக்கப்பிள்ளை.

தலைவர் சிரித்தார். “என்னக்கா, கறி வச்சு தொரை பங்களாவையே ஆட வைக்கலாம்னு பாத்தீங்களா?” உதவிக்கு வந்தவர் பேச்சு இது.

நான் டாக்டருக்கு போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். மூன்றாவது தடவை, நடந்ததையும் படிவம் வெறுமையாக இருப்பதையும் எழுதி அனுப்பினேன்; பதிலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுமதிக் கடிதத்தில் பயிற்சி பெற்றவர் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம், வெளியாட்கள் பறித்ததற்கு அவர் பொறுப்பேற்க முடியாதாம். இடம் குறிக்காததால் அந்தக் காளான் ஆராய்ச்சிக்கும் உதவாதாம்.

இடம் குறிக்கவில்லையா? அம்மாவுக்கு எழுத வராது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்றிரவே என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்: அஞ்சாம் நம்பர் மலையில் வாய்க்கால் ஓரம் எத்தனை, மாட்டுப்பட்டிக்குக் கீழே எத்தனை, எது காலையில், எது மழை விட்ட பிறகு. எந்தக் கருவியும் அப்படிக் குறிக்காது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் திட்டத்தின் தாள்களை நான் முழுதாகப் படித்தவன். பின்னால் தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுக்கும்போது அவர்களை ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது. பயந்தால் கையைப் பிடித்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். படுக்க மெத்தை, மெதுவான இசை, சாப்பாடு, போய்வரச் செலவு. எல்லாம் நியாயம்தான். அந்த ஆராய்ச்சியை நான் இன்றும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா அந்த மேசைக்கு முன்னால் ஒன்றரை மணிநேரம் நின்றார். உட்காரச் சொல்லக்கூட ஒருவரும் இல்லை. கையைப் பிடித்திருக்க வேண்டிய நான், அனுமதிக் கடிதம் கிடைக்குமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் துரை இறங்கிவந்தார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை இருக்கும், பன்னிரண்டு நாள் மட்டும் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். கடிதத்தை எழுத வேண்டியவன் நான். ‘அறியாமையால் செய்துவிட்டேன்’ என்று எழுதினேன். அறியாமை யாருடையது? அம்மா கேட்டார், “என்ன எழுதியிருக்க?” படித்துக் காட்டினேன். “சரி, குடு” என்று வாங்கி, கையெழுத்துக்கென்று தெரிந்த மூன்றெழுத்தை நிதானமாகப் போட்டார்.

அந்தப் பன்னிரண்டு நாள் சம்பளத்தையாவது கொடுங்கள் என்று டாக்டருக்கு எழுதினேன். மருந்து விழுங்குகிறவர்களுக்குத்தான் ஒதுக்கீடு, பறிக்கிறவர்களுக்குத் திட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அன்றே வேலையை விட்டேன். அவருடைய கூட்டங்களில் அம்மாவின் கை இன்னும் திரையில் வருகிறது என்று கூட வேலை செய்தவன் சொன்னான்.

நாளுக்கு ஆயிரத்து முன்னூற்று ஐம்பது. பன்னிரண்டு நாள். பதினாறாயிரத்து இருநூறு ரூபாய்.