எங்க ஆளுங்கதான் சார்

எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் நகராட்சிக்குப் போக வேண்டியவர் கவுன்சிலர். போனது என் அம்மா. ரேஷனில் பாமாயில் வரவில்லையா, அம்மா. யாருக்காவது முதியோர் பென்ஷன் நின்றுபோனதா, அதற்கும் அம்மா. பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைகளைப் பஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. சேலையெல்லாம் வெள்ளை மண் அப்பிக்கொண்டு மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள். வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முகம் கழுவக்கூட விடமாட்டார்கள். “சிலோன்காரம்மா, இத்த மட்டும் ஒரு மனுவா எழுதிக் குடுத்துடுங்க” என்பார்கள். அதற்கான வெள்ளைத்தாள் என் நோட்டிலிருந்துதான் கிழிக்கப்படும். கணக்கு நோட்டில் நடுப்பக்கமே இல்லாமல் நான் ஒரு வருடம் படித்திருக்கிறேன்.

அம்மா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். தோட்டத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்ததால், துரைக்கு எழுத வேண்டிய கடுதாசியெல்லாம் அங்கேயே அவள் கைக்குத்தான் வரும். அந்தப் புத்தி கப்பலேறிக் கூடவே வந்துவிட்டது. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி ஆட்களைப் பிரித்து அனுப்பியபோது அப்பாவும் அவளும் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, ஏதேதோ ஊரில் பிழைக்க முடியாமல், பீங்கான் சூளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விருத்தாசலத்துக்கு வந்தார்கள். நான் பிறந்தது இங்கேதான். நான் நாலாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் அப்பா போய்விட்டார். இருபத்தைந்து வருடம் இங்கேயே கிடந்தும் அம்மா சிலோன்காரம்மாதான். அவளுடைய பெயர் என்ன என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்காவே விழிப்பாள்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பொய் இல்லை. நான் தானே வளர்ந்தேன். தானே சமைத்தேன், தானே படித்தேன், பிளஸ் டூவும் பாஸ் செய்தேன். சாதிச் சான்றிதழ் மட்டும் தானே வளரவில்லை.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் விண்ணப்பத்தோடு அதன் நகலை இணைக்க வேண்டும். பள்ளியில் கேட்டபோதெல்லாம் அம்மா “பொறவு தரேன் சார்” என்று வருடக்கணக்கில் தள்ளிவிட்டிருந்தாள். எங்கள் சாதி என்ன என்பதே எனக்குப் பத்தாவதில் அம்மாவோடு போட்ட ஒரு சண்டைக்குப் பிறகுதான் தெரியும். பட்டியல் சாதிகளில் ஒன்று. எனக்கு வந்த மார்க்குக்குப் பொதுப்பிரிவில் வாசலைக்கூட எட்டிப்பார்க்க முடியாது, இட ஒதுக்கீட்டில் போட்டால் அரசுக் கல்லூரியே கிடைக்கும் என்று கணக்கு வாத்தியார் சொல்லியிருந்தார். விண்ணப்பம் அனுப்பப் பதினைந்து நாள்தான் இருந்தது.

“தெருவுல இருக்குறவங்க மனுவெல்லாம் தூக்கிக்கிட்டு தாலுகா ஆபீசுக்கு அலையத் தெரியுது. எனக்கு ஒரு மனு எழுதக் கை வரலியா உனக்கு?” என்று கத்தினேன்.

அம்மா சொன்னாள். “இந்த ஊருக்கு வந்து வூடு தேடுனப்ப நாலு வாசல்ல நின்னோம் புள்ள. நீங்க என்னா ஆளுங்கன்னு கேட்டாங்க. மூணு வாசல்லயும் உங்கப்பா உள்ளதச் சொன்னாரு. வூடு இல்லன்னுட்டாங்க. நாலாவது வாசல்ல நான் முந்திக்கிட்டேன். சிலோன் ஆளுங்கன்னு சொன்னேன். சாவியக் குடுத்தாங்க.”

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். தெருவும் கேட்பதை விட்டுவிட்டது. எனக்கு அதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பதினைந்து நாள் பதினான்காகிக் கொண்டிருந்தது. “அதுக்கு என் படிப்பு போவணுமா?” என்றேன். அம்மா ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். முதல் தடவையாக என் நோட்டிலிருந்து எனக்காகவே ஒரு தாள் கிழிந்தது.

தாலுகா ஆபீசில் கப்பல் பாஸ்போர்ட்டையும் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையையும் புரட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் சாதி இல்லை. அப்படியானால் வி.ஏ.ஓ. தெருவில் விசாரித்து எழுதட்டும் என்று அனுப்பினார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது, அதுதான் முறை.

வி.ஏ.ஓ. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன். விசாரணை நடக்கும்போது வீட்டுக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது என்று கூட வந்த தலையாரி கையமர்த்திவிட்டார்.

முதலில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காடு கழனி உள்ள, ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடும் குடும்பம். அவருடைய பென்ஷன் ஒன்றரை வருடம் இழுத்தபோது பதினோரு மனு எழுதிப் போட்டது அம்மா. “இவங்க என்னா ஆளுங்க, தெரியுமா?” என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

“சந்தேகமே வேணாம். எங்க ஆளுங்கதான் சார்” என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். “எங்க வூட்டு விசேஷம் எதா இருந்தாலும் முன்னாடி நிக்கிறவங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவர் பட்டியல் சாதியே இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பாய்ந்து வந்தாள். அவள் வேறு சாதி. “அவரு கெடக்குறாரு சார். எங்க ஆளுங்க. எங்க சின்னம்மா சாவுக்கு மூணு நாளு கூடவே இருந்து அடுப்ப பாத்தாங்க. வேற ஆளுங்க செய்வாங்களா?”

மூன்றாவதாகத் தெருமுனை டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவர் கிறிஸ்தவர். நன்மை செய்கிறோம் என்ற பொலிவு முகத்தில் தெரிந்தது. “சார், அவங்க எங்க சபை. கிறிஸ்மஸுக்கு நூறு பேருக்குச் சமையல் அவங்க கையாலதான். நல்ல விசுவாசி.”

அம்மா எல்லாச் சாமியையும் கும்பிடுவாள், சோறாக்கக் கூப்பிட்டால் எந்தச் சாமி வீட்டுக்கும் போவாள். ஆனால் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் எங்கள் பிரிவே மாறிவிடும், சீட்டும் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குரங்குகூட ஒன்றல்ல, மூன்று.

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். “பாப்பா, இருபத்தஞ்சு வருசமா தெரிஞ்சவங்க மூணு பேரு, மூணும் வேற வேற சொல்றாங்க. இதுல நான் எத எழுதட்டும்?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். அவரோ, நீ சொன்னால் போதாது, இந்த மூவரில் இரண்டு பேராவது முன்பு சொன்னது தவறு, இவர்கள் இன்ன சாதி என்று தெரியும் என எழுதிக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தர வேண்டும் என்றார்.

சாயங்காலம் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். “மூணு வூட்டுக்காரங்களும் நம்மள வுட்டுக்குடுக்கல பாத்தியா” என்றாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும் என்றதும்தான் சிரிப்பு நின்றது.

கையெழுத்து வாங்கவென்று அம்மா கம்பெனியில் மூன்று நாள் லீவு சொன்னாள். புதன்கிழமை அவளுக்கு யாருடைய குடும்ப அட்டையிலோ பெயர் சேர்க்கும் வேலை வந்துவிட்டது. வியாழக்கிழமை குடிநீர்க் குழாய்க்கு நகராட்சிக்கு நடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்துக்குத் திட்டக்குடி போய்விட்டாள், ஞாயிறுதான் வருவாள். இனி டீச்சரும் கண்டக்டரும்தான் கதி. வெள்ளிக்கிழமை காலையிலும் அம்மா யாருக்கோ மனு எழுத உட்கார்ந்தாள். நான் பேனாவைப் பிடுங்கினேன். “நீ போறியா, நான் போயி தெருவுல நின்னு கத்தட்டுமா? இவ்ளோ நாளு மறைச்சி யாருக்கு என்னா கெடச்சிது? நம்ம சாதியச் சொல்லிக்க உனக்கு அவ்ளோ வெக்கமா?” என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, “நல்லதுன்னு நெனச்சித்தான் சொன்னேன்” என்று மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதிக் கொடுத்தார். இருந்தாலும் அம்மாவை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார், கணக்கு தப்பிப்போனவர் பார்ப்பதுபோல.

கண்டக்டர் வீட்டில் அவர் மட்டும்தான் கூடத்தில் இருந்தார். அம்மா நின்றபடியே சொன்னாள். சாதிப் பெயரையும் சொன்னாள். அவள் வாயால் அதை உரக்கக் கேட்டது எனக்கே முதல் தடவை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். எழுந்து போய் உள்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, அதன் கீழேயே எழுத வேண்டியதை அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு மனுவை அவர் மறக்கவில்லை.

“ஒண்ணும் பயப்படாதீங்க” என்றார், குரலைத் தாழ்த்தி. “எம் பொண்டாட்டிக்குக்கூட தெரியாது. தெருவுல நான் மூச்சு விட மாட்டேன். எப்பவும்போல இருந்துக்குங்க.”

அவர் பரிவோடுதான் சொன்னார். ஒரு குற்றத்தை மூடிவைக்க ஒத்துக்கொள்பவரின் பரிவு அது. அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பைப்படியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவரு சொல்ல மாட்டாராம். நானே சொல்லிடட்டுமா புள்ள? எல்லாரும் இருக்காங்க. இனிமே எதுக்கு மறைக்கணும்?”

கேலியாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றால் போய்ச் சொல்லியிருப்பாள், கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தாள் என் கையில் இருந்தது. அந்த முகங்களில் ஒவ்வொன்றாக என்ன மாறும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“வேணாம்மா” என்றேன். “நான் காலேஜ் போவுற வரைக்குமாவது வேணாம்.”

“செரி” என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. “உனக்கு வெக்கமா” என்று நான் கேட்டதையே திருப்பிக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் கேட்கவில்லை. மதியத்துக்குள் தாளைக் கொடுக்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக் கொடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறி மிதித்தேன்.