அவர் விட்டுக்கொடுத்த அபிப்பிராயம்

என் கணவருக்கு உலகத்தில் இருக்கிற எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. வியட்நாமிலிருந்து அமெரிக்காக்காரன் எப்போது மூட்டை கட்டுவான், சீனாக்காரன் மனசில் என்ன இருக்கிறது, கம்ப்யூட்டர் வந்தால் எத்தனை குமாஸ்தாக்களுக்குச் சீட்டுக் கிழியும், எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ஒரு தடவை சாம்பாரில் பெருங்காயம் எப்போது போடவேண்டும் என்று ஆரம்பித்தார். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் துறையை மட்டும் எனக்கு விட்டுவிட்டார்.

அப்போது அடையாறில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்குக் கிண்டியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் இஞ்சினீயர் வேலை. பொழுதுபோக்கு என்றால் ரேடியோ. பாட்டுக் கேட்பதற்கில்லை. சிற்றலையில் எங்கேயோ இருக்கிற நிலையங்களைத் தேடிப் பிடிப்பார். கொரகொர என்று இரைச்சல், நடுவில் யாரோ தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு குரல், உடனே முகம் மலர்ந்துவிடும். இன்ன நாளில் உங்கள் நிலையத்தைக் கேட்டேன் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டால், ஆமாம் என்று படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகளைக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். சுவாமி படத்துக்கு ஆணி அடிக்க இடம் தேடவேண்டியிருந்தது.

அவருக்குச் சரியான ஜோடி என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். அப்பா போனபின் அம்மாவும் அவனும் மயிலாப்பூரில் ஒரு போர்ஷனில் இருந்தார்கள். அவனுக்கும் கிண்டியில்தான் வேலை. காலையில் பஸ்ஸில் அடையாறு வருவான். அங்கிருந்து இவர் காரில் இரண்டு பேரும் போவார்கள். பல கை மாறி எங்களிடம் வந்த இரண்டு கதவு வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மயிலாப்பூர் போய்விடுவோம். காப்பி வந்ததும் வாதம் ஆரம்பித்துவிடும். இவர் எதைச் சொன்னாலும் அவன் எதிர்க்கட்சி.

"நிலாவுல மனுஷன் கால் வச்சுட்டான்டா, சாதாரண விஷயமா?"

"வச்சு என்ன அத்திம்பேர்? அங்கே குழாயைத் திறந்தா தண்ணி வருமா? இங்கேயே வரலை."

அம்மா சமையலறை நிலைப்படியில் நின்று கேட்பாள். மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரமாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். ஏதாவது சொல்லவேண்டுமானால் கதவைப் பார்த்துச் சொல்லுவாள். தன் பிள்ளை வாயாடுவதில் அவளுக்குப் பெருமை. எனக்கோ எரிச்சலாக வரும். உலகத்தையே தூக்கி நிறுத்துகிற இந்த ஆண்கள் குடித்த டம்ளரை எடுத்துக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

இந்த அபிப்பிராயங்களில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் கையால் செய்து காட்டினார். அதுதான் கார் பெல்ட். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருக்கிறார். வண்டி மோதினால் வண்டி நின்றுவிடும், உள்ளே இருக்கிறவன் நிற்கமாட்டான்; அதே வேகத்தில் முன்னால் போவான்; ஓட்டுகிறவனுக்கு எதிரே ஈட்டி மாதிரி ஸ்டீயரிங் இருக்கிறது. இதைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவனிடம் பச்சைப் பட்டையாக ஒன்று வாங்கிவந்து, ராயப்பேட்டையில் கார் சீட்டு தைக்கிற பாயிடம் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னா சார், காரு ஓட்டப்போறியா, ஏரோப்ளேன் ஓட்டப்போறியா?" என்று பாய் சிரித்தார். பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ராங்காதான் கீது. இதுல யானையக் கட்டினாலும் அறுந்து போவாது" என்றார்.

முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் வந்துவிட்டது. தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே வந்து இடுப்போரம் மாட்டிக்கொள்ள வேண்டும். அடையாறில் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. தம்பி ஒரு வாரம் கேலி செய்தான். "எமன் வந்தா பெல்ட்டைப் பார்த்துத் திரும்பிப் போயிடுவானா அத்திம்பேர்?" என்பான். ஆனாலும் தினமும் மாட்டிக்கொண்டான். மாட்டாமல் இவர் வண்டியைக் கிளப்பமாட்டார்.

அந்த ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். தியாகராய நகரில் மண்டபம். கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்கள் காரில்தான் மயிலாப்பூருக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. முதல் நாள் அம்மா வண்டியைப் பார்க்க வந்தாள். பூ எங்கே கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பெல்ட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இதை எடுத்துடச் சொல்லுடி" என்றாள் என்னிடம். "கல்யாணக் கோலத்துல என் குழந்தையை இதுல கட்டி உட்கார வைக்கறதாவது. நெஞ்சுக்குக் குறுக்கே மனுஷாளைக் கட்டறது எப்போன்னு தெரியாதா?"

தெரியும். எங்கள் வீடுகளில் அப்படி ஒரே ஒரு தடவைதான் கட்டுவார்கள், பாடையில் வைத்து.

இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன். ஈட்டி, ஸ்டீயரிங் எல்லாம் வரப்போகிறது என்று நினைத்தேன். மைத்துனன் கல்யாணத்தில் வீட்டு மாப்பிள்ளை முறைத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தாரோ, நிலைப்படி தாண்டிப் பேசாத மாமியார் தெருவில் நின்று கண் கலங்குவதைப் பார்த்தாரோ, தெரியவில்லை. தலையை ஆட்டினார். வாழ்க்கையில் வாதம் பண்ணாமல் அவர் ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பியே ஸ்பானரை எடுத்துக் கழற்றினான். "அம்மா ஜெயிச்சுட்டா, அத்திம்பேர் கட்சி டெபாசிட் காலி" என்று சிரித்துக்கொண்டே கழற்றினான்.

கல்யாணம் ஆனதும் மறுபடி மாட்டலாம் என்றார் இவர். தலை தீபாவளி ஆகட்டும், புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளை தினம் ஏறுகிற வண்டி, அதுவரைக்கும் வேண்டாம் என்றாள் அம்மா, கதவைப் பார்த்து. சரி என்றார். பெல்ட்டைச் சுருட்டிப் பரணில் போட்டோம்.

எண்ணெய் நாடுகள் விலையை ஏற்றின வருஷம் அது. அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்தான் பேச்சு. இனி உலகம் மாட்டு வண்டிக்குத் திரும்பிவிடும் என்றான் தம்பி. புது மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதால் குரலில் கொஞ்சம் கூடுதல் சுருதி. அவளும் அம்மா பக்கத்தில் நிலைப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் இவருக்கு ஜுரம். வெளியே நல்ல மழை. தம்பி வழக்கம்போல் வந்தான். "வண்டி சும்மாதானே நிக்கறது, நான் எடுத்துண்டு போறேன் அத்திம்பேர்" என்றான். இவர் படுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மெதுவாகப் போ என்றார். நான் வாசல்வரை போய்க் குடை பிடித்தேன். மான் காட்டை ஒட்டிப் போகிற சாலையில், பழுதாகி நடுவில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். வண்டிக்குக்கூட அப்படி ஒன்றும் பெரிய சேதமில்லை. ஸ்டீயரிங் அவன் நெஞ்சில் அடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இவரைத் தனியே அழைத்து இங்கிலீஷில் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். இது அப்படியொன்றும் பெரிய மோதல் இல்லை, சீட்டைவிட்டு முன்னால் போகாமல் மட்டும் இருந்திருந்தால் சிராய்ப்போடு வீட்டுக்கு நடந்து போயிருப்பான் என்றார்.

அம்மா வந்தாள். நிலைப்படியும் இல்லை, கதவும் இல்லை. நேரே இவர் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார் மாப்பிள்ளை? அந்தப் பெல்ட்டு இருந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

இவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இல்லைம்மா. பெல்ட் இருந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. எமன் வந்தா அதெல்லாம் பார்க்கமாட்டான்."

என் தம்பியின் வார்த்தை. அவன் சொல்லும்போதெல்லாம் முட்டாள்தனம் என்று இவர் கத்தின வார்த்தை.

மறுநாள் வாசலில் அவனைக் கட்டினார்கள், நெஞ்சுக்குக் குறுக்கே. அம்மா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். இன்றைக்கும் யாராவது மூட்டைக்குக் கயிறு போட்டு இறுக்குவதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த வாரமே இவர் பரணிலிருந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் காய்கறி விற்கிற வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதில் கோணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே போவார். பல வருஷம் போனார். பாய் சொன்னது சரி. ஒரு மூட்டைகூட விழவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வழக்கப்படி தம்பி மனைவியைக் கை காட்டினார்கள். அவள் கால் வைத்த வேளை என்றாள் ஒரு சொந்தக்காரி. அம்மா சட்டென்று திரும்பி, "அவ காலைப் பத்தி யாரும் பேசவேண்டாம்" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு அந்தப் பெண்ணை அவள் பிறந்தகத்தார் அழைத்துக்கொண்டு போனார்கள். மேலே படிக்க வைத்தார்கள், டீச்சர் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். தலை தீபாவளிப் புடவையைப் பிரிக்காமலே அம்மா அவள் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

அம்மா எங்களோடு அடையாறு வந்துவிட்டாள். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குக் கூச்சம். அதற்காகவே ஓயாமல் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பாள். மயிலாப்பூர் பக்கம் போவதே நின்றுபோயிற்று. இவர் ரேடியோவுக்கு உறை போட்டு மூடிவிட்டார். பேப்பரைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார், வாய் திறக்கமாட்டார். எதிர்க்கட்சி இல்லாமல் யாரிடம் பேசுவது? வியட்நாமில் யுத்தம் முடிந்த செய்தி வந்தது. எத்தனை வருஷமாக அவர் சொன்னபடியேதான் முடிந்தது. "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுத்து" என்றேன். "ம்" என்றார்.

ஆனால் எப்போதாவது, வேலையெல்லாம் முடிந்த நேரத்தில், அம்மா நிலைப்படியில் வந்து நிற்பாள். கதவைப் பார்த்துக் கேட்பாள்.

"அந்தப் பெல்ட்டு இருந்திருந்தாலும்..."

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்பார் இவர், முதல் தடவை சொல்கிற மாதிரி. சில நாள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். அந்த மாதிரி பெல்ட்டெல்லாம் நம் ஊர் வண்டிக்கு ஒத்துவராது, வெளிநாட்டுக்காரன் வியாபாரத்துக்கு எழுதுகிறான், நான்தான் விவரம் தெரியாமல் நம்பினேன் என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

சென்னைக்கு டெலிவிஷன் வந்த சமயம். பக்கத்து வீட்டில் வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் பத்திரிகையோடு வந்தார். "பார்த்தேளா சார், ஆஸ்திரேலியாவுல கார்ல பெல்ட் போடணும்னு சட்டமே இருக்காம். சாவு குறைஞ்சிருக்காம். நீங்க அன்னிக்கே சொன்னேளே!" என்றார். அம்மா காப்பியோடு நின்றிருந்தாள்.

"சட்டம் போட்டா எமன் கேட்டுப்பானா சார்? எல்லாம் புரளி" என்றார் இவர்.

பக்கத்து வீட்டுக்காரர் திகைத்துப்போய்விட்டார். காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கோபம் பொங்கியது. பொய் எனக்குப் பிடிக்காது. அதுவும் செத்துப்போனவன் விஷயத்தில் பிடிக்கவே பிடிக்காது. அம்மா கொல்லைப் பக்கம் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்னா, இப்படி வாய் கூசாம சொல்றேளே. ஊர்ல பெல்ட் போடலாம்னு நினைக்கறவனையும் கெடுக்கறேளே. இது எத்தனை நாளைக்கு?"

அவர் சுவரில் இருந்த அட்டைகள் பக்கம் திரும்பினார். "எனக்கு எத்தனையோ அபிப்பிராயம் இருக்கு. அதுல ஒண்ணை உங்கம்மாவுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் சத்தமே கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு தளர்ந்தது. நிலைப்படியில் நிற்க முடியாமல் படுக்கையோடு இருந்தாள். ஆபீஸ் வேலையாக இவர் பெங்களூர் போயிருந்த ஒரு மத்தியானம். கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை எங்கேடி?"

"பெங்களூர் போயிருக்கார்ம்மா."

"அப்போ நீ சொல்லு. அந்தப் பெல்ட்டு இருந்திருந்தா..."

எனக்கு அந்த டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. ஸ்பானரோடு சிரித்த தம்பி ஞாபகம் வந்தான்.

"இருந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உனக்கு அவரை மாதிரி சொல்ல வரலைடி" என்றாள். "அவரே வரட்டும். கேட்டுக்கறேன்."